கடலரசிக்கு ஒரு ரசிகர்

"உங்க கிளப்புக்கு நான் ரசிகனாகணும்" என்றார் தாணுமூர்த்தி.

கவுண்டருக்குப் பின்னால் நின்ற சலேத் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜெராக்ஸா, ரீசார்ஜா?"

"ரெண்டும் இல்ல."

"இந்தக் கடையில அது ரெண்டுதான் உண்டு."

தாணுமூர்த்தி போகவில்லை. கவுண்டரில் கிடந்த பேனாக்களை எடுத்து நேராக அடுக்கினார். பிறகு கலைத்தார். மறுபடி அடுக்கினார்.

மணவிளை பேருந்து நிலையத்தை ஒட்டிய கடை அது. சலேத்துக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். கடலரசி கால்பந்து கிளப் ஆடும் நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு, மெகாபோனோடு போய் ரசிகர்களுக்கு முன்னால் நிற்பாள். அவள் தொடங்கினால்தான் பாட்டு தொடங்கும். அதனால் எல்லோரும் அவளை ஆசான் என்றார்கள். அந்தப் பக்கத்தில் சிலம்பம் சொல்லித் தருபவர்களுக்குத்தான் அந்தப் பேர். சலேத் யாருக்கும் எதையும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் பேர் ஒட்டிக்கொண்டது.

தாணுமூர்த்தி அவளைவிடப் பெரியவர். கல்லூரி நூலகர். நாகர்கோவிலிலிருந்து மாற்றலாகி வந்து, மனைவியை அங்கேயே விட்டுவிட்டு வாடகை வீட்டில் தனியாக இருந்தார்.

"எதுக்கு ரசிகராகணும்?" என்று கேட்டாள் சலேத்.

"போன ஞாயித்துக்கிழமை உங்க பஸ் என் வீட்டு வழியா போச்சு. எல்லாரும் பாடிட்டே போனீங்க. ஜெயிச்சிட்டு வாறீங்கன்னு நினைச்சேன்."

"நாலு கோல் வாங்கிட்டு வந்தோம்."

"மறுநாள் பேப்பர்ல பாத்தேன். அதுலேருந்து எனக்கு ஒரு இடத்துல இருக்க முடியல."

சலேத் பேனாக்களை அவர் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள்.

"இதுக்கு முன்னால எங்க இருந்திய?"

"நாகர்கோவில்."

"அதக் கேக்கல."

தாணுமூர்த்திக்குப் புரிந்தது. நாகர்கோவில் வீட்டில் ஒரு வீணை இருந்தது. சரளி வரிசையோடு நின்றது. மீன் இல்லாத மீன்தொட்டி இருந்தது. மலையேறுவதற்கு வாங்கிய பூட்ஸ், அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. ஒரு வருஷம் விரதம், ஒரு வருஷம் தியானம். டிவியில் ஒரு வெளிநாட்டு கிளப்பின் ரசிகராகக்கூட இருந்து பார்த்தார். அவர்கள் கோப்பையை வென்ற மறுநாள் அலுத்துவிட்டது. புதிதாக எதையாவது அவர் சொல்லத் தொடங்கினால் மனைவி அடுக்களைக்குப் போய்விடுவாள்.

"எல்லா இடத்துலயும் இருந்திருக்கேன்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள் சலேத்.

*

ஞாயிற்றுக்கிழமை அவர் நீல ஜெர்சி போட்டு வந்தார். கடையில் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது.

"கிளப்போட சரித்திரம் முழுக்கப் படிச்சிட்டேன், ஆசான். ஆரம்பிச்ச பாதிரியார் பேரிலேருந்து தெரியும். கேளுங்க."

சலேத் மேற்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும் ஓரத்தைக் காட்டி, "அங்க நில்லுங்க" என்றாள்.

கடலரசி தோற்றது.

"எனக்கு ஒண்ணுமே தோணல, ஆசான்."

"தோணும்னு நான் சொன்னேனா?"

அடுத்த வாரம் தாணுமூர்த்தி கத்தினார். பந்து எங்கே போனாலும் கத்தினார். நடுவரைத் திட்டினார். முடிவில் தொண்டை கட்டிக் காற்றுதான் வந்தது.

"இன்னைக்கு எப்படி?" என்று அந்தக் காற்றால் கேட்டார்.

"யாருக்குக் கேக்கணும்னு கத்துனிய?"

"டீமுக்கு."

"கத்தின ஒவ்வொரு தரமும் பக்கத்துல நின்னவன் மூஞ்சியப் பாத்திய."

சலேத் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, ரசிகர்களைப் பார்த்துதான் நிற்பாள். ஆட்டம் அவள் கண்ணில் படாது, ஆட்கள்தான் தெரிவார்கள்.

"கோல் விழுந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு நாள் அவர் கேட்டார்.

"மூஞ்சில தெரியும்."

"என் மூஞ்சிலயுமா?"

"உங்களுக்கு முன்னால நிக்கவனப் பாத்துக்கிடுவேன்."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் வந்துகொண்டிருந்தார். மழையில் வந்தார். சளியோடு வந்தார். பாட்டெல்லாம் பாடமாகிவிட்டது. மேளம் அடிக்கிறவனுக்குக் கை ஓய்ந்தால் வாங்கி அடித்தார். கோல்கீப்பர் மிக்கேல் எந்த முழங்காலில் பட்டை கட்டுவான் என்றுகூடத் தெரிந்தது. மிக்கேலுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. விடியுமுன் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு ஆட வருவான்.

எல்லாம் இருந்தது. உள்ளே மட்டும் எதுவோ காலை ஆட்டிக்கொண்டே இருந்தது.

*

அந்த வருஷம் மணவிளைக்கு இன்னொரு கிளப் வந்தது. தென்முனை யுனைடெட். பெரிய கம்பெனி ஒன்று நடத்தியது. வெளியூர் ஆட்டக்காரர்கள், கூரை போட்ட கேலரி, சாய்ந்து உட்கார நாற்காலி. வாராவாரம் ஜெயித்தார்கள். கடலரசியின் ஓரத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

தாணுமூர்த்தி கடைக்கு வந்தார்.

"ஆசான், நான் விட்டுடறேன்."

"சரி."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா இருப்பியளா?"

"இல்ல."

"அப்புறம்?"

அவர் நின்றுகொண்டே இருந்தார். ஏதாவது திட்டினால் போய்விடலாம் என்றிருந்தது. சலேத் யாருடைய ஆதார் அட்டையையோ மெஷினில் வைத்து மூடியை அழுத்தினாள். வெளிச்சம் ஓடி நின்றது.

"வேற யாரும் இப்படிச் சொல்லிட்டுப் போகல" என்றாள். "சும்மா வராம இருந்தாங்க."

அது புகழ்ச்சியா, குத்தலா என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று முழுவதும் அதையே யோசித்தார்.

தென்முனை கேலரியில் வெயில் இல்லை. தோல்வி இல்லை. இடைவேளையில் கடலை, சுக்குக் காப்பி. பக்கத்து நாற்காலியில் ராஜப்பன் என்று ஒரு மரக்கடைக்காரர் உட்கார்வார். பேச்சுத் துணைக்கு நல்ல மனிதர். தாணுமூர்த்தி சிவப்பு ஜெர்சி வாங்கினார். முதல் மாதம் நன்றாகத் தூங்கினார்.

இரண்டாம் மாதம் ராஜப்பன் கேட்டார்: "என்ன வேய், கோல் போட்டாலும் இப்படி நெளியுதீரு? மூட்டைப்பூச்சி கடிக்குதா?"

"நாற்காலி சரியில்ல" என்றார் தாணுமூர்த்தி, காலை ஆட்டிக்கொண்டே.

நாற்காலியை மாற்றிப் பார்த்தார். வரிசையை மாற்றிப் பார்த்தார்.

*

லீக்கின் கடைசி ஆட்டம் தென்முனைக்கும் கடலரசிக்கும்.

தென்முனைக்கு அதில் ஒன்றும் இல்லை. கோப்பை ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. கடலரசிக்கு டிரா போதும். தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். கடலரசி தொடங்கிய நாளிலிருந்து அங்கே இறங்கியதில்லை.

தாணுமூர்த்தி சிவப்பு ஜெர்சியில் கூரைக்குக் கீழே உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். அங்கே நீலத்தில் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். மெகாபோன் கரகரத்தது.

மிக்கேல் அன்று பறந்தான். தென்முனை அடித்த எதையும் உள்ளே விடவில்லை. ஒரு பந்தை நெஞ்சால் தடுத்தான். இன்னொன்றுக்குக் கம்பத்தில் தோள் இடித்து விழுந்தான், எழுந்தான்.

"இந்தக் கிழவனுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்றார் ராஜப்பன்.

"தோள்ல அடி பட்டிருக்கு" என்றார் தாணுமூர்த்தி.

"படட்டும்."

ஆட்டம் முடியப் போகிற நேரம். தென்முனைக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து சும்மா ஒரு பந்தை உதைத்தான். அதில் வேகமே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். மிக்கேல் குனிந்து வாங்கினான். பந்து அவன் கைக்கும் முழங்காலுக்கும் நடுவே நழுவி, மெல்ல உருண்டு, கோட்டைத் தாண்டி வலையைத் தொட்டு நின்றது.

கேலரி முழுக்க எழுந்து கத்தியது.

தாணுமூர்த்தி எழவில்லை. வயிற்றில் யாரோ முழங்கையால் இடித்ததுபோல் இருந்தது. குனிந்து இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"போச்சே" என்றார். "நம்ம டீம் போச்சே!"

ராஜப்பன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "கோல் அடிச்சது நாமதான் வேய்! எழும்பும்!"

தாணுமூர்த்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் ராஜப்பன் கையை எடுத்துவிட்டார்.

நடுவர் கடைசி விசிலை ஊதினார்.

*

மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அவர் ஓடினார். பல வருஷமாக ஓடாத உடம்பு. நடுவழியில் நின்று மூச்சு வாங்கி மறுபடி ஓடினார்.

நீல ஓரத்தில் சிலர் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மேளக்காரன் மேளத்தின் மேல் தலையைக் கவிழ்த்திருந்தான். சிவப்பு ஜெர்சியைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து வந்தான்.

"கேலி பண்ண வந்தீரா?"

சலேத் நடுவில் வந்தாள். அவள் குரல் முற்றிலும் போயிருந்தது. கண் வீங்கியிருந்தது.

"ஆசான்" என்றார் தாணுமூர்த்தி. "நான் அந்தப் பக்கம் இருந்து... அவன் பந்த விட்டதும்... எனக்கு இங்க..." என்று வயிற்றைத் தொட்டார். "இத்தன நாள் வராதது. இன்னைக்கு எதுக்கு? நான் விட்டுட்டுப் போன பிறகு எதுக்கு?"

சலேத் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தாள். கோல் கம்பத்தைக் காட்டினாள்.

மிக்கேல் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தான். மற்ற ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். கூப்பிடப் போனவர்களும் திரும்பிவிட்டார்கள். வலைக்குள் அந்தப் பந்து இன்னும் கிடந்தது.

"நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டார் தாணுமூர்த்தி.

அவள் திரும்பி மேளத்தைத் தூக்கப் போய்விட்டாள்.

அவர் வேலியைத் தாண்டினார். ஜெர்சி கம்பியில் மாட்டிக் கிழிந்தது. நடந்து போய் மிக்கேலுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். பாட்டிலை நீட்டினார். மிக்கேல் வாங்கவில்லை.

காற்று அடித்தது. கேலரியில் விளக்கை அணைத்தார்கள்.

தாணுமூர்த்தி ஒரு முறைகூடக் காலை ஆட்டவில்லை.

மிக்கேல் தலையைத் தூக்காமலே பேசினான். "பிடிச்சிருக்கலாம். கையில வந்தது."

"ஆமா" என்றார் தாணுமூர்த்தி.

மிக்கேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான். சிவப்பு ஜெர்சியைப் பார்த்தான். கிழிசலைப் பார்த்தான்.

"நீரு யாரு வேய்?"

தாணுமூர்த்தி யோசித்தார்.

"அடுத்த மேட்ச் எப்போ?" என்று கேட்டார்.

"இனி கீழ் டிவிஷன். மாட்டுச் சந்தை மைதானம். அதுக்கு யாரு வரப்போறா?"

"தேதியச் சொல்லும்" என்றார் தாணுமூர்த்தி.