எந்தப் பக்கம் அடைப்பது?

ஒரு காட்டுக்குள் பெரிய ஏரி ஒன்று இருந்தது. அதன் கரையை ஒரு காட்டுப்பன்றி பார்த்துக்கொண்டது. எல்லா மிருகங்களும் அதை மேஸ்திரி என்றே கூப்பிடும். கரையில் ஓட்டை விழுந்தால் மண்ணைக் குழைத்து அடைக்கும். அடைத்துவிட்டு, "நான் இல்லேன்னா இந்த ஏரி என்ன ஆகும்!" என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியும்.

அதே ஏரியில் ஒரு நாரை வகுப்பு நடத்தியது. தண்ணீர் எப்படி ஓடும், மண் எப்படிக் கரையும், எல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் நாரையாகப் பிறந்தும் சேற்றில் கால் வைக்கப் பிடிக்காது. பாறை மேல் நின்றுதான் பாடம்.

அந்தக் கோடையில் வயல் பக்கமிருந்து ஒரு பெருச்சாளிக் கூட்டம் வந்து சேர்ந்தது. டிராக்டர் உழுததில் அவற்றின் வளையெல்லாம் போய்விட்டது. குட்டிகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றன. காட்டில் யாருக்கும் அவற்றைப் பிடிக்கவில்லை.

"திருட்டுக் கூட்டம்! கரையையே குடைஞ்சிடும்!" என்றது கீரி.

"எங்கேயாவது போகச் சொல்லுங்க!" என்றது முயல்.

காட்டுக்குத் தலைவர் ஒரு கடமான். அது கொஞ்சம் யோசித்தது. "இந்தக் கூட்டத்துல இளசுங்க ஏழு இருக்கு. கரை காக்குற தொழிலைக் கத்துக்கட்டும். முதல் பெருமழைக்குள்ள கத்துக்கிட்டா எல்லாரும் இங்கேயே இருக்கலாம். இல்லேன்னா மலைக்கு அந்தப் பக்கம் போயிட வேண்டியதுதான்" என்றது.

மலைக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டல். குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதுவரை தங்கிக்கொள்ளக் கரைக்குக் கீழே இருந்த பள்ளத்தைக் கொடுத்தார்கள். அங்கே வேறு யாரும் குடியிருக்க மாட்டார்கள். கரை உடைந்தால் முதலில் மூழ்கும் இடம் அது.

"இளசுகளை என்கிட்ட விடுங்க! கரை வேலையைக் கரையிலதான் கத்துக்கணும்!" என்றது மேஸ்திரி.

"என்னிடம் விடுங்கள்! விவரம் தெரியாமல் மண்ணை மிதித்து என்ன பயன்?" என்றது நாரை.

"மூணு நாள் வகுப்பு, மூணு நாள் வேலை. மாத்தி மாத்திப் போகட்டும்!" என்று கடமான் தீர்த்து வைத்தது. நல்ல ஏற்பாடுதான். இரண்டு ஆசான்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

வகுப்பில் நாரை சொன்னது: "கரையில் ஓட்டை விழுந்தால் ஏரிப் பக்கம் அடைக்க வேண்டும். வெளிப்பக்கம் அடைத்தால், உள்ளே புகுந்த தண்ணீர் போக வழியில்லாமல் கரையையே கரைத்துவிடும். எங்கே, சொல்லுங்கள்!"

"ஏரிப் பக்கம் அடைக்கணும்!" என்று ஏழும் ஒரே குரலில் சொல்லும்.

கரைக்குப் போனால் மேஸ்திரி கத்தும். "களிமண்ணுல அறுகம்புல்லைப் போட்டு நூறு மிதி மிதிங்க! ம்... வெளிப்பக்கமா அப்புங்க! ஏரிக்குள்ள முங்கி எவன் அடைப்பான்?"

ஏழும் வெளிப்பக்கமாகவே அப்பும்.

ஏழில் மூத்தவள் செம்பி. அவளுக்கு இது உறுத்தியது.

"வாத்தியாரே, மேஸ்திரி வெளிப்பக்கம்தான் அடைக்கச் சொல்றாரு" என்றாள் வகுப்பில்.

"பன்றிக்கு என்ன தெரியும்? உட்கார்!"

"மேஸ்திரி, வாத்தியார் ஏரிப் பக்கம் அடைக்கச் சொல்றாரு" என்றாள் கரையில்.

"அந்த நாரை என்னிக்காவது மண்ணைத் தொட்டிருக்கா? வாயை மூடிட்டு மிதி!"

செம்பி வாயை மூடிக்கொண்டாள், ஆனால் சும்மா இருக்கவில்லை. பள்ளத்தில் ஒரு குழி தோண்டி, சின்னக் கரை போட்டு, தண்ணீர் விட்டாள். கரையில் ஓர் ஓட்டை போட்டு வெளிப்பக்கம் அடைத்தாள். கொஞ்ச நேரத்தில் கரை உப்பிப் பக்கத்தில் பிளந்தது. அடுத்த முறை நாரை சொன்னபடி உள்பக்கம் வெறும் களிமண்ணை வைத்தாள். களிமண் கரைந்து போனது. மூன்றாம் முறை மேஸ்திரியின் புல் கலந்த களிமண்ணை நாரை சொன்ன பக்கத்தில் வைத்தாள். அது கல் மாதிரி நின்றது.

"பார்த்தியா! ரெண்டு பேருக்கும் பாதிதான் தெரியும்! வா, போய்ச் சொல்லலாம்!" என்று துள்ளினாள்.

அவள் தம்பி உருண்டை பதறிப் போனான். "அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகட்டும், சும்மா இரு! ரெண்டு பேரும் நாம தேறிட்டோம்னு தலைவர்கிட்ட சொல்லணும். அப்பத்தான் நாம இங்க இருக்க முடியும். யாருக்கு என்ன பிடிக்குதோ அதைச் சொல்லிட்டுப் போயிடுவோம்!"

மற்ற ஐந்தும் அதையே சொல்லின. போக இடமில்லாதவர்களுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்! செம்பியும் அடங்கிப் போனாள்.

ஐப்பசியில் நாரை தலைவரிடம் போய், "ஏழு பேரும் தேறிவிட்டார்கள்!" என்றது. மேஸ்திரியும் போய், "ஏழும் தேறிடுச்சுங்க!" என்றது. கடமானுக்கு ரொம்பச் சந்தோஷம்.

நான்காம் நாள் பெருமழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் ஏரி நிரம்பித் தளும்பியது. பள்ளத்துக்கு நேர் மேலே கரை ஒழுக ஆரம்பித்தது. ஒழுகிய தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி வந்தது.

"வெளிப்பக்கம் அப்புங்க! சீக்கிரம்!" என்று மேஸ்திரி ஓடி வந்தது.

செம்பியைத் தவிர மற்ற ஆறும் அப்பின. ஒழுகல் நின்றது. "எப்படி!" என்று மேஸ்திரி நிமிர்ந்தது. அடுத்த நொடி நாலு அடி தள்ளிக் கரை பிளந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. மேஸ்திரி உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. பள்ளத்து வளைகளில் குட்டிகள் அலறின.

நாரை பாறை மேல் நின்று, "ஏரிப் பக்கம்! ஏரிப் பக்கம்! நான் அப்போதே சொன்னேனே!" என்று கத்தியது.

செம்பிக்கு ஆத்திரம் பொங்கியது. "சொன்னா அடைபடுமா? இறங்குங்க வாத்தியாரே! உங்க கால்தான் நீளம். தண்ணி எங்க உள்ளே இழுக்குதுன்னு தேடுங்க!"

"நானா? சேற்றிலா?"

"பின்னே யாரு? மேஸ்திரி, எழுந்து வாங்க! ஏரிப் பக்கம் அடைக்கப் போறோம். புல்லைப் போட்டு மிதிங்க!"

"எனக்கே சொல்றியா? இருபது மழை பார்த்தவன் நான்!"

"அக்கா, எதிர்த்துப் பேசாதே! நம்மைத் தேறலேன்னு சொல்லிடுவாங்க!" என்று உருண்டை அவளைப் பிடித்து இழுத்தான்.

"தேறி என்னடா பண்ணப் போறோம்! கரை போனா பள்ளத்துல இருக்குற அம்மா போயிடுவாடா!" என்று செம்பி கத்தினாள்.

உருண்டை பிடியை விட்டான். நாரை கண்ணை மூடிக்கொண்டு சேற்றில் இறங்கியது. வயிறுவரை தண்ணீரில் தட்டுத் தடுமாறி நடந்தது. "இங்கேதான்! என் காலைப் பிடித்து இழுக்கிறது!" என்று அலறியது. மேஸ்திரி முனகிக்கொண்டே மிதித்தது. என்ன இருந்தாலும் அது மிதித்தால் அது மிதிப்புதான். ஏழு பெருச்சாளிகளும் அந்தக் களிமண்ணை வாயில் கவ்வி மூழ்கி மூழ்கி அடைத்தன. முதல் மூன்று கட்டிகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. நாலாவது நின்றது. அதன் மேல் ஐந்தாவது, ஆறாவது என்று வைத்துக்கொண்டே போனார்கள்.

வெளியே பீய்ச்சியது மெல்ல அடங்கியது. கலங்கல் தெளிந்தது. பிறகு ஒழுகலே நின்றுபோனது. கீழ் வரிசை வளைகள் நாலு இடிந்திருந்தன. சேர்த்து வைத்த தானியம் மிதந்து போயிருந்தது. குட்டிகள் அத்தனையும் பிழைத்தன, செம்பியின் அம்மாவும் பிழைத்தாள்.

மறுநாள் கடமான் கரைக்கு வந்தது. சேறு படிந்த நாரையையும், இடுப்பைப் பிடித்துக்கொண்ட மேஸ்திரியையும் ஏற இறங்கப் பார்த்தது. "ஏழும் தேறிடுச்சுன்னு ரெண்டு பேரும் வந்து சொன்னீங்க. நான் ஒருத்தரையும் நம்பப் போறதில்லை!" என்றது.

கரை ஓரமாக நடந்துபோய் ஓர் இடத்தில் நின்றது. அங்கே தண்ணீர் இலேசாகக் கசிந்துகொண்டிருந்தது. "உருண்டை, இதை எந்தப் பக்கம் அடைப்பே?"

"ஏரிப்..." என்று நாரை வாயைத் திறந்தது.

"வெளி..." என்று மேஸ்திரி ஆரம்பித்தது.

உருண்டை இரண்டையும் பார்க்கவில்லை. கீழே இறங்கி அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தான்.

"நேத்து உடைஞ்சப்போ கலங்கி வந்துச்சு. இது தெளிஞ்சு வருது. உள்ளே மண் கரையலே. இப்போ எந்தப் பக்கமும் அடைக்க வேண்டாம், தலைவரே. பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்போம். கலங்கினா ஏரிப் பக்கம் இறங்குறோம்!" என்றான்.

 இது நாரையின் பாடத்திலேயே இல்லை. மேஸ்திரி குனிந்து கசிவை உற்றுப் பார்த்தது. இருபது மழையிலும் அது கவனிக்காதது இது.

கடமான் தலையாட்டியது. "மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். பள்ளத்துலயும் இருக்க வேண்டாம். மேட்டுல இடம் பாருங்க!" என்றது.

சொல்லிக்கொடுத்தவரைச் சந்தோஷப்படுத்தக் கற்றது யாரையும் காப்பாற்றாது. படித்ததைக் கையாலும், கையால் செய்ததைப் படிப்பாலும் சோதித்துப் பார்ப்பவருக்கே தொழில் வசப்படும்.