நாற்பத்தொரு மான்களும் ஒரு முள்குத்தும்

இலுப்பைக்காட்டில், ஆனைக்குட்டைக்குப் பக்கத்தில், ஒரு புள்ளிமான் கூட்டம் இருந்தது. குட்டிகளைச் சேர்க்காமல் நாற்பத்தொரு மான்கள். அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு மான் வாலைத் தூக்கினால் போதும், மற்ற நாற்பதும் ஓடும். ஏன் என்று கேட்காது. புலி வரும் காட்டில் இது நல்ல வழக்கம்தான். நின்று காரணம் கேட்டவன் பதிலைக் கேட்க இருக்க மாட்டான்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் புலி தின்றதைவிடக் காய்ச்சல் தின்றதுதான் அதிகம். வருஷா வருஷம் மழை தொடங்கியதும் குட்டிகளுக்குக் காது சுடும். மூன்றாம் நாள் கால் மடங்கும். பாதிக் குட்டிகள் எழுந்திருக்காது. "மழைத்தண்ணி ஒத்துக்கல" என்று மான்கள் பெருமூச்சு விட்டுவிட்டு மேயப் போய்விடும்.

பூவந்தி என்ற பெண் மானும் போன மழையில் தன் குட்டியை அப்படித்தான் பறிகொடுத்தாள். இந்த வருஷம் அவளுக்கு மறுபடி ஒரு குட்டி. பெயர் மொட்டு. மொட்டு துள்ளும்போதெல்லாம் பூவந்தி அண்ணாந்து வானத்தைப் பார்ப்பாள். மேகம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிரிப்பாள்.

அந்தக் கூட்டத்தோடு தாழை என்ற உண்ணிக்கொக்கும் திரிந்தாள். மான்களின் முதுகில் ஏறி உண்ணி பொறுக்கித் தின்பது அவள் பிழைப்பு. மற்ற கொக்குகள் தின்றுவிட்டுப் பறந்துவிடும். தாழை அப்படியில்லை. எந்தக் குட்டியிடம் எத்தனை உண்ணி, எந்த உண்ணி, எத்தனையாம் நாள் காய்ச்சல் என்று மூன்று மழைக்காலம் விடாமல் கவனித்தாள். கடைசியில் ஒன்று பிடிபட்டது. காய்ச்சல் மழைத்தண்ணீரால் வரவில்லை. மழையில் சதுப்புப் புல்லிலிருந்து ஏறும் உண்ணிகளால் வந்தது!

இன்னொன்றும் கண்டாள். கோடையில் பாறைச்சரிவில் மேய்ந்த சில குட்டிகளைப் பாறை உண்ணி கடிக்கும். அது நோஞ்சான் உண்ணி. ஒரு நாள் லேசாக உடம்பு சுடும், அவ்வளவுதான். அந்தக் குட்டிகளை மழைக்காலக் காய்ச்சல் ஒன்றும் செய்யவில்லை.

தாழை தன் சிநேகிதன் கூரனிடம் ஓடினாள். கூரன் ஒரு முள்ளம்பன்றி.

"கூரா! சின்னக் காய்ச்சல் உடம்புக்குச் சண்டை சொல்லிக் குடுத்துடுது! அப்புறம் பெரிய காய்ச்சல் வந்தா, உடம்பே அடையாளம் கண்டு விரட்டிடுது!"

"அப்ப அந்தச் சின்னக் காய்ச்சலை நாமே குடுத்துடலாமேக்கா. என்கிட்ட முள்ளுக்கா பஞ்சம்?" என்றான் கூரன்.

பாறை உண்ணிகளை ஒன்பது நாள் வெயிலில் காயவைத்தார்கள். இடித்து ஊற்றுத் தண்ணீரில் கரைத்தார்கள். உதிர்ந்த முள்ளின் நுனியை அதில் தொட்டு, கூரன் முதலில் தன் மூக்கிலேயே குத்திக்கொண்டான். அரை நாள் தும்மினான், சரியாகிவிட்டது. பிறகு நான்கு முயல்களுக்குக் குத்தி, பதினைந்து நாள் கழித்து, புல்லடியில் உண்ணி பதுங்கியிருக்கும் சதுப்பில் மேயவிட்டார்கள். நான்கும் நலம். அதில் ஒன்று முன்னைவிட அதிகமாக வாயாடியது. அதற்கு முள் பொறுப்பல்ல.

எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறத் தொடங்கின. "மழைக்கு இருபது நாள்தான் இருக்கு! குத்தினா உடம்பு பழக பதினைந்து நாள் வேணும். இப்பவே மான்களைக் கூப்பிடு!" என்றாள் தாழை.

குட்டைக்கரையில் கூட்டம் கூடியது. தாழை விளக்கமாகச் சொன்னாள். பூவந்தி மொட்டுவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நில்லு பூவந்தி!" என்று ஒரு குரல் அதட்டியது. கூட்டத்தின் தலைவன் நெடுங்கொம்பன். "முள்ளுக் குத்தினா புள்ளி உதிர்ந்துடும்! தெரியுமா? புள்ளி போச்சுன்னா நாம மானா, வெள்ளாடா?"

மான்களுக்கு உயிருக்கு அடுத்தது புள்ளி. அத்தனையும் திடுக்கிட்டுத் தங்கள் முதுகைத் திரும்பிப் பார்த்தன.

அந்த யோசனை உண்மையில் நெடுங்கொம்பனுடையது அல்ல. அவன் இடது காதுக்குள் குண்டுமணி என்றொரு கொழுத்த உண்ணி பதினோரு மாதமாகக் குடியிருந்தது. அது காதுக்குள் முணுமுணுக்கும். நெடுங்கொம்பன் அதைத் தன் மூளையில் உதித்த யோசனை என்று நினைத்து உரக்கச் சொல்வான். கொக்கை முதுகில் ஏற விடுவானே தவிர, தலைவரின் காதில் எட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று சட்டமும் போட்டிருந்தான். இன்றைக்குக் கொக்கு சொன்னதைக் கேட்டால், நாளைக்குக் காதுக்குள்ளும் பார்க்க விடுவார்கள். குண்டுமணிக்கு அந்தப் பயம்தான்!

"ஓடு!" என்றது குண்டுமணி. நெடுங்கொம்பன் வாலைத் தூக்கினான். மற்ற நாற்பது வால்களும் உயர்ந்தன. பூவந்தியின் காலும் தன்னால் ஓடியது. கரையில் தூசிதான் மிச்சம்.

தாழைக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாள் மரத்துக்கு மரம் பறந்து கத்தினாள். "மூளை இல்லாத ஜென்மங்களா! மூணு மழை நனைஞ்சு கண்டுபிடிச்சிருக்கேன்! புள்ளியாம், உதிருமாம்!"

மான்கள் இன்னும் தூரமாகப் போய் மேய்ந்தன. திட்டு வாங்கிக்கொண்டு யார் பக்கத்தில் வருவார்கள்?

கூரன் மெல்லச் சொன்னான்: "அக்கா, உண்ணியை மூணு வருஷம் எண்ணினே. மான் மனசுல என்ன இருக்குன்னு மூணு நாள் கேட்டியா?"

தாழைக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றிலிருந்து அவள் கத்தவில்லை. வழக்கம்போல ஒவ்வொரு மானாக முதுகில் ஏறி உண்ணி பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "உனக்கு மட்டும் கேக்குறேன். உன் குட்டிக்குக் குத்திக்க விருப்பமா?"

முதல் மான் சுற்றுமுற்றும் பார்த்தது. "எனக்குச் சம்மதம்தான் கொக்கக்கா. மத்தவங்கதான் ஒத்துக்க மாட்டாங்க."

இரண்டாவது மானும் அதையே சொன்னது. "எனக்கென்ன, நான் ரெடி. கூட்டம் வேண்டாங்குதே!"

"அன்னிக்கு ஏன் ஓடினே?"

"பக்கத்துல நின்னவ ஓடினா."

பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள். "நானா? இவ ஓடினதாலதான் நான் ஓடினேன்!"

பூவந்தியின் முதுகில் உட்கார்ந்தபோது தாழை கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவளே அழுதாள். "குத்திக்கணும்னு உசிரு துடிக்குதுக்கா. ஆனா எல்லாரும் வேண்டாங்கிறப்ப நான் மட்டும் குத்தி, ஏதாவது ஆயிட்டா கூட்டத்தை விட்டுத் துரத்திடுவாங்க. தனியா நிக்கிற மானும் குட்டியும் புலிக்கு எத்தனை நாள் தாங்கும்? இப்படியும் சாவு, அப்படியும் சாவு!"

தாழை தன்னையே நொந்துகொண்டாள். இவளைப் போயா மூளை இல்லாதவள் என்று திட்டினோம்?

மூன்று நாளில் நாற்பது மான்களையும் கேட்டு முடித்தாள். ஐந்து மான்களுக்கு வலி என்றால் பயம். ஒரு மான், "யோசிச்சுச் சொல்றேன்" என்றது. அது எதையும் யோசித்துத்தான் சொல்லும், பசிக்கிறதா என்று கேட்டாலும். மீதி முப்பத்து நான்கும் சொன்னது ஒரே பதில்: எனக்குச் சரி, மற்றவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை!

கடைசியாக நெடுங்கொம்பனிடம் போனாள்.

"புள்ளி உதிரும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க தலைவரே?"

"யார் சொல்லணும்? எனக்கே தோணுச்சு."

அப்போது அவன் காதுக்குள்ளிருந்து கீச்சுக் குரல் ஒன்று கேட்டது: "விரட்டுங்க இவளை!"

"விரட்டுங்க இவளை!" என்றான் நெடுங்கொம்பன்.

தாழை கழுத்தை நீட்டினாள். "தலைவரே, நீங்க சொல்றதுக்கு முன்னாடியே அது உங்க காதுக்குள்ள கேட்டுச்சே!"

"உளறாதே! அது நான் யோசிக்கிற சத்தம்!"

"யோசிக்கிற சத்தத்துக்கு எட்டுக் கால் இருக்கு!" என்று சொல்லி, தாழை ஒரே கொத்தில் குண்டுமணியை வெளியே இழுத்தாள்.

"ஐயோ, நான் அவருக்கு ஆலோசகர்!" என்று அலறியது குண்டுமணி. அதற்கு மேல் அலற முடியவில்லை. தாழைக்கு அன்று காலையிலிருந்து பசி.

நெடுங்கொம்பன் தலையை உதறினான். காது லேசாக இருந்தது. யோசித்துப் பார்த்தான். ஒன்றுமே தோன்றவில்லை. அவனுக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

"அப்ப கூட்டத்துக்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள் தாழை.

"அதெப்படி? சொன்ன சொல்லை மாத்தினா அப்புறம் எவன் என்னை மதிப்பான்?" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தலைவர்கள் எல்லாக் காட்டிலும் ஒரே மாதிரிதான்!

மழைக்கு இன்னும் பதினாறு நாள். மான்கள் தண்ணீர் குடிக்க வந்தபோது தாழை குட்டை நடுவில் இருந்த கல்லில் நின்றாள். இந்தத் தடவை திட்டவில்லை.

"உங்க ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக் கேட்டேன். யார் என்ன சொன்னாங்கன்னு பேர் சொல்ல மாட்டேன். எண்ணிக்கை மட்டும் சொல்றேன். குத்திக்கச் சம்மதம்னு சொன்னது முப்பத்து நாலு மான்!"

ஒரு மான் பக்கத்து மானைப் பார்த்தது.

"நீயுமா?"

"ஆமா. நீ?"

"நானும்தான்! உனக்குப் பிடிக்காதுன்னு நினைச்சேன்!"

"நான் உனக்குப் பிடிக்காதுன்னுல்ல நினைச்சேன்!"

பூவந்தி மொட்டுவோடு முன்னால் வந்தாள். இந்தத் தடவை யாரும் அதட்டவில்லை. கூரன் முள்ளைக் கரைசலில் தொட்டு எடுத்து, மொட்டுவின் காது ஓரத்தில் ஒரு குத்துக் குத்தினான்.

"ம்மே!" என்று துள்ளிய மொட்டு வாலைத் தூக்கிவிட்டான்.

போச்சு! நாற்பது மான்களின் கால்களும் விறைத்தன. இன்னொரு வால் உயர்ந்தால் கூட்டம் சிட்டாய்ப் பறந்துவிடும். பூவந்திக்கும் வால் துடித்தது. பிறந்ததிலிருந்து பழகிய வழக்கம் ஆயிற்றே! பல்லைக் கடித்துக்கொண்டு, வாலைக் கீழே இறக்கி, நான்கு காலையும் மண்ணில் ஊன்றி நின்றாள்.

"புலி இல்லை! குட்டிக்கு வலிக்குது, அவ்வளவுதான்! ஓடாதீங்க!"

பக்கத்தில் நின்றவள் ஓடவில்லை. அவளைப் பார்த்து அடுத்தவளும் ஓடவில்லை. கூரன் ஒரு குட்டி விடாமல் குத்தி முடித்தான். பெரியவர்களும் வரிசையில் நின்றார்கள். வலிக்குப் பயந்த ஐந்து மான்கள் கண்ணை மூடிக்கொண்டு குத்திக்கொண்டன. யோசித்துச் சொல்கிறேன் என்ற மான் மறுநாள் வந்தது. எல்லோரும் போன பிறகு நெடுங்கொம்பனும் வந்து, "சும்மா பார்க்கலாம்னுதான்" என்று காதை நீட்டினான். விடிந்ததும் எல்லா மானும் குட்டைத் தண்ணீரில் முதுகைப் பார்த்துக்கொண்டன. ஒரு புள்ளி குறையவில்லை.

பதினாறாம் நாள் மழை கொட்டியது. சதுப்பு நிரம்பியது. உண்ணிகள் ஏறின. ஐந்தாறு நாளில் குட்டிகளுக்குக் காது சுட ஆரம்பித்தது.

மொட்டுவுக்கும் சுட்டது. மூன்றாம் நாள் காலையில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பூவந்தி பக்கத்தில் நின்று நக்கிக்கொண்டே இருந்தாள். புல்லைத் தொடவில்லை. போன வருஷமும் இப்படித்தான் நின்றாள். தாழை ஒரு கிளையில் உட்கார்ந்து, நகத்தால் கிளையைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். முயலுக்கு ஆனது மானுக்கும் ஆகுமா? தப்பாகப் போனால் இந்தத் தாயின் முகத்தில் எப்படி விழிப்பது?

"கொக்கக்கா, கால் மடங்கிடுமா?" என்று கேட்டாள் பூவந்தி.

"தெரியலை பூவந்தி. மடங்காதுன்னுதான் நம்புறேன்" என்றாள் தாழை. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

உச்சி வெயில் மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. பூவந்தி மொட்டுவின் காதில் மூக்கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அக்கா! சூடு இறங்கிடுச்சு!"

மொட்டு முன்னங்காலை ஊன்றினான். பின்னங்காலை ஊன்றினான். தள்ளாடி எழுந்து, நேரே அம்மாவின் மடியில் முட்டிப் பால் குடிக்கத் தொடங்கினான். முட்டிய முட்டில் பூவந்தியே தடுமாறினாள். "மெதுவாடா, படவா!" என்று திட்டினாள், திட்டும்போதே அழுதாள். பள்ளத்திலிருந்தும் மேட்டிலிருந்தும் ஒவ்வொரு தாயாகக் குரல் கொடுத்தது: "எம்புள்ள எந்திரிச்சுட்டான்!" "எம்மக புல்லு திங்கிறா!" அந்த மழையில் ஒரு குட்டியும் சாகவில்லை. தாழை கிளையிலேயே இறக்கையில் தலையைப் புதைத்து, பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆகவே, எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள் என்று நாமாக நினைத்துக்கொண்டு நல்லதிலிருந்து ஓடுவதற்கு முன், பக்கத்தில் நிற்பவரை ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்க வேண்டும்.