கீழத் தெரு வட்டில்

முன்னொரு காலத்தில், மூன்று வருடமாக மழை பொய்த்த ஒரு நாட்டில், அரசருக்கு ஒரு யோசனை தோன்றியது, தோன்றியதும் கட்டளையாயிற்று. செடிகொடிகளுக்குத் தெருக்கிணற்றிலிருந்து நாளுக்கு ஒரு நாழிகைதான் நீர் ஊற்றலாம். மீறிய தெருவின் கிணற்றுக் கயிறு பறிமுதல்.

நாழிகையை அளக்கத் தெருவுக்கு ஒரு செப்பு வட்டில். அதன் அடியில் ஊசித்துளை. தொட்டி நீரில் மிதக்கவிட்டால் துளை வழியே நீர் ஏறும். நிரம்பி மூழ்கினால் நாழிகை முடிந்தது.

அரசவை விகடகவி சேந்தனுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அமைச்சர் வல்லபராயர் குடியிருக்கும் மேலத் தெருவில் மல்லிகை பூத்துக் குலுங்கியது. அதே ஒரு நாழிகைதான் கீழத் தெருவுக்கும். அங்கே அவரைக்கொடி கருகியது.

“பத்துக் குடம் ஊத்துறதுக்குள்ள வட்டில் முங்கிருது சாமி,” என்றாள் கீழத் தெரு வெள்ளச்சி. “புள்ளைக வயித்துக்கு இருக்குறது இந்த ஒத்தக் கொடிதான். பதினோராவது குடம் ஊத்திட்டேன். கயித்த அவுத்துட்டுப் போயிட்டாக. இனி குடிக்கத் தண்ணிக்கு எங்க போவோம்?”

சேந்தன் வட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. மேலத் தெரு வட்டிலையும் கேட்டு வாங்கி, இரண்டையும் எடுத்துக்கொண்டு அரசவைக்குப் போய் வெள்ளச்சியின் முறையீட்டைச் சொன்னான்.

“சட்டம் எல்லோருக்கும் ஒன்றே, அரசே,” என்றார் வல்லபராயர். “சிரிக்க வைக்கச் சம்பளம் வாங்குபவர் நியாயம் பேச வந்துவிட்டார்!”

“வட்டில்களும் ஒன்றுதானா, அமைச்சரே?” என்று சேந்தன் கேட்டான்.

“ஒரே கன்னான் அடித்தவை. மயிரிழை பேதமும் கிடையாது.”

“நல்லது. அப்படியானால் நாளை முதல் உங்கள் வட்டில் கீழத் தெருவுக்குப் போகட்டும், அவர்களுடையது உங்கள் தெருவுக்கு வரட்டும். இரண்டும் ஒன்றுதானே?”

“கூடாது!” என்று அலறினார் அமைச்சர்.

 அரசர் ஒரு தொட்டி கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் ஒன்றாக மிதக்கவிட்டார். கீழத் தெரு வட்டில் மூழ்கியபோது, மற்றது பாதிகூட நிரம்பவில்லை. கீழத் தெரு வட்டிலின் துளைதான் பெரிது. அமைச்சர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“வட்டிலின் ஓட்டையை அமைச்சர் வாயாலேயே காட்டிவிட்டாயே!” என்று அரசர் சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி நீட்டினார். “இன்னும் என்ன வேண்டும், கேள்.”

“வெள்ளச்சியின் கயிறு, அரசே.”

கயிறு அன்றே கிணற்றடிக்குத் திரும்பியது. மறுநாள் முதல் இரு தெருக்களும் தினந்தோறும் வட்டிலை மாற்றிக்கொண்டன. ஒருவன் மற்றத் தெரு வட்டிலின் துளையைப் பெரிதாக்கினால், அடுத்த நாள் அந்த வட்டில் அவன் வீட்டு வாசலுக்கே வரும். துளைகள் சமமாக இல்லாவிட்டாலும், இரண்டு நாளில் இரண்டு தெருவுக்கும் நேரம் சமமாகும்.