சிலுப்பனின் முட்கள்

செந்நாய்களோடு நடந்த சண்டை முடிந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. காட்டில் இப்போது நாய்வாடையே இல்லை. ஆனால் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றியின் முட்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

சருகு விழுந்தால் போதும், பகல் தூக்கத்திலேயே அத்தனை முள்ளும் விறைத்து நிற்கும். நேற்று பக்கத்தில் படுத்திருந்த மனைவி வேரம்மாவின் மூக்கில் இரண்டு முள் ஏறிவிட்டது.

"இனி ஒரு முள்ளு குத்தினாலும் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வேற வளைக்குப் போயிருவேன்" என்றாள் அவள். சொன்னால் செய்கிறவள்.

இன்று விடிந்ததும் குளக்கரையில் பழைய படைவீரர்களின் வருடாந்தரக் கூட்டம். யாரிடமாவது வைத்தியம் கேட்கலாம் என்று போனான். அங்கே காட்டுப்பன்றி கடம்பையன் வழக்கம்போல் வீரக்கதை அளந்துகொண்டிருந்தான். போன வருடம் ஏழு நாயைக் குத்தியவன், இந்த வருடம் பதினாறுக்கு வந்திருந்தான். சண்டையன்று மரத்தை விட்டே இறங்காத குரங்கு தாவன்கூட மூன்று நாயைக் கொன்றிருந்தான்.

"அண்ணே, சண்டை முடிஞ்சும் எனக்கு நிம்மதியாத் தூக்கமே வரல. பயமா இருக்கு" என்றான் சிலுப்பன்.

"பயமா? வீரன் பேசுற பேச்சா இது!" கடம்பையன் வயிறு குலுங்கச் சிரித்தான். கூட்டமும் சிரித்தது.

அந்த நேரம் பார்த்து, மரத்திலிருந்து ஒரு பலாப்பழம் தொப்பென்று விழுந்தது.

பதினாறு நாயைக் குத்திய மாவீரன் சேற்றுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். தாவன் கடம்பையனின் வாலைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டான். பலாப்பழம் பாட்டுக்குச் சும்மா கிடந்தது.

சிலுப்பன் விறைத்த முட்களோடு அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்கும் தூக்கம் இல்லடா தம்பி" என்றான் கடம்பையன், சேற்றுக்குள்ளிருந்தே. "சண்டை நடந்தப்பதான் நல்லாத் தூங்கினோம். முறைக்காவல் நிக்கிறவன் 'நான் முழிச்சிருக்கேன், நீங்க படுங்க'ன்னு குரல் குடுப்பான். இப்ப யாரு குடுக்கிறா?"

சிலுப்பன் வளைக்கு ஓடினான். வேரம்மாவிடம் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"இதை மூணு வருஷத்துக்கு முன்னாடியே சொல்றதுக்கு என்னவாம்?" என்று திட்டித் தீர்த்துவிட்டு, அவள் வளை வாசலில் போய் உட்கார்ந்தாள். "நான் முழிச்சிருக்கேன். நீங்க படுங்க."

முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. சிலுப்பன் விட்ட குறட்டை குளக்கரை வரைக்கும் கேட்டது.

வீரக்கதை அளந்து பயத்தை மூடுகிறவனுக்குத் தூக்கம் வராது; வாய்விட்டுச் சொல்கிறவனுக்கே காவலுக்கு ஆள் கிடைக்கும்.