கை தூக்கித் தோற்கடித்த பாட்டு

காட்டுக் குளம் ஒன்றில் பாக்கியநாதர் என்ற தவளை நாட்டாமை செய்து வந்தார். அவர் ஓர் அதட்டல் போட்டால் போதும், இருநூறு தவளைகளும் கப்சிப்!

குளக்கரை மருத மரத்தில் சலேத்து என்ற மாங்குயில் புதிதாகக் கூடு கட்டினாள். விடிகிற நேரத்தில் பாடுவாள். அடடா, என்ன பாட்டு! குளமே வாயை மூடிக்கொண்டு கேட்கும். அங்கேதான் பாக்கியநாதருக்கு வயிறு எரிந்தது.

உடனே கூட்டம் போட்டார். "அழகுன்னு தனியா ஒண்ணும் கிடையாது! அவங்கவங்க காதுக்குப் பிடிச்சா அழகு, அவ்வளவுதான். என் காதுக்கு இது வெறும் கூச்சல். கூச்சல்ங்கிறவங்க கை தூக்குங்க!"

அவரைப் பகைத்துக்கொண்டு யார் குளத்தில் குடியிருப்பது? கைகள் மளமளவென்று மேலே போயின. அவர் மனைவி மதலேன் மட்டும் தூக்கவில்லை.

"பார்த்தியா சலேத்து! உன் பாட்டு அழகில்லைன்னு முடிவாயிடுச்சு. இனி வாயைத் திறந்தே, கூட்டைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதான்!" என்று மரத்தைப் பார்த்து அதட்டினார் பாக்கியநாதர்.

"ஐயா, கூட்டுல ரெண்டு முட்டை இருக்கே! நான் எங்கே போவேன்?" என்று அழுதாள் சலேத்து. பாவம், முட்டைகளுக்காக வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தது. பாட்டு இல்லை. இனி நம் ராஜ்ஜியம்தான் என்று பாக்கியநாதர் தொண்டையைக் கனைத்தார். குரல் எழும்பவில்லை. காது தானாக மருத மரத்துப் பக்கம் போயிற்று. மூன்றாம் நாள் ஒரு பூச்சிகூட அவர் தொண்டைக்குள் இறங்கவில்லை.

"என்னங்க, அங்கே என்னத்தைத் தேடுறீங்க?" என்றாள் மதலேன்.

"ஒண்ணுமில்ல."

"எல்லாரும் கை தூக்கினீங்களே, அந்தப் பாட்டோட அழகு போச்சா?"

"போகலையே மதலேன்! காதுக்குள்ளேயே நிக்குதே!"

"எப்படிப் போகும்? ஆண்டவர் அதைப் படைச்சுப் பார்த்து மகிழ்ந்தப்போ நீங்களும் இல்லை, உங்க காதும் இல்லை. கூச்சலைக் கேட்டு யாராவது பொறாமைப்படுவாங்களா? உங்களுக்கு வயிறு எரிஞ்சப்பவே தெரியலையா?"

பாக்கியநாதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரே தாவலில் மரத்தடிக்குப் போனார்.

"தாயி, நான் பொய் சொல்லிட்டேன்! முதல் நாளே உருகிப்போனவன் நான்தான். இது உன் மரம், உன் கூடு. யாரும் உன்னை அசைக்க மாட்டாங்க. பாடு தாயி!"

சலேத்து பாடினாள். குளம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பாக்கியநாதர் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "ஆண்டவரே, இவ்வளவு அழகா!" என்று எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

அழகு ஆண்டவர் கொடுத்தது; நாம் ஒத்துக்கொண்டாலும் மறுத்தாலும் அது அழகுதான்.