எள் செடியில் ஒரு சாண்

குழந்தைவேலு மடத்துக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. அதற்கு முந்தின ஆண்டு அவர் மனைவி கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோனாள். அவர் அப்போது பக்கத்து வயலில்தான் நின்றிருந்தார். சத்தம் கேட்கவில்லை.

மடத்தின் குரு உமையாள், அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். குழந்தைவேலு அவரை அம்மா என்பார். அவர் இவரை ஐயா என்பார்.

ஏழு ஆண்டுகள் ஓடின. குழந்தைவேலு தினமும் விடியலில் கண்மூடி உட்கார்ந்தார். பகலில் மடத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டார்.

அந்த வருஷம் மாசி நடுவில் எள் விதைத்தார். பங்குனி முடியும்போது செடி இடுப்பு உயரம் வந்து பூத்தது. அடிக்கணுக்களில் காய் பிடித்தது. சித்திரை பிறந்து பத்தாம் நாள் மேற்கிலிருந்து அனல்காற்று கிளம்பியது.

மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. விரிந்த பூக்கள் உச்சிவேளைக்குள் கருகின. குழந்தைவேலு குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். ஐந்தாம் நாள் உமையாளும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டார்.

"ஊத்தினா காய் பிடிக்குமா ஐயா?"

"பிடிக்காதும்மா. வேரு குடிக்கும். பூவைக் காத்து தின்னுடும்."

"அப்புறம் எதுக்கு ஊத்துறீங்க?"

"செடி சாகக் கூடாதில்ல."

இருவரும் பொழுது சாயும்வரை சுமந்தார்கள்.

பன்னிரண்டு நாள் காற்று நிற்கவில்லை. கடைசி நாள் குழந்தைவேலு வரப்பில் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"நான் ஊருக்குப் போறேம்மா" என்றார்.

"அங்கே யார் இருக்கா?"

"யாரும் இல்லை. வீடு பூட்டிக் கிடக்குது."

உமையாள் தன் குடத்தையும் வரப்பில் இறக்கி வைத்தார்.

"ஏழு வருஷம். இன்னிக்குக் காலையிலயும் கண்ணை மூடினா அந்தக் கிணறுதான். முதல் நாள் எப்படித் தெரிஞ்சுதோ அப்படியேதான் தெரியுது. ஒண்ணுமே ஆகலை. அசந்துபோச்சும்மா. இத்தனை வருஷமும் வீணாப் போச்சே, அதைத்தான் தாங்க முடியலை."

"எள்ளை யார் அறுப்பாங்க?"

"அறுக்க என்ன இருக்கு?"

"இருக்கிறதை அறுத்துக் கொடுத்துட்டுப் போங்க."

அவருக்கு மறுத்துப் பேசவும் தெம்பில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு நாள் கழித்து மழை பெய்தது. பெரிய மழை இல்லை. மண் நனைந்து, காற்று குளிர்ந்தது. செடிகள் உச்சியில் மறுபடி மொட்டு வைத்தன. குழந்தைவேலு அதைப் பார்த்தார். மகிழவில்லை. களையெடுத்தார், சாப்பிட்டார், தூங்கினார். காலையில் கண்மூடி உட்காருவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

வைகாசிக் கடைசியில் அடிக்காய்கள் பழுத்து மஞ்சளாயின. மேல்காய்கள் பச்சையாகவே இருந்தன. குழந்தைவேலு துணிமூட்டையைக் கட்டிவைத்துவிட்டு அரிவாளோடு வயலுக்கு வந்தார். உமையாள் அங்கே ஒரு செடியின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மேலே இன்னும் முத்தலையே ஐயா."

"நாலு நாள் பொறுத்தா முத்தும். எனக்குத்தான் பொறுமை இல்லை."

"இந்தச் செடியைப் படிச்சுச் சொல்லுங்க, கேட்போம்."

குழந்தைவேலு குனிந்து தண்டைத் தொட்டார். எத்தனையோ எள் பார்த்த கை.

"இந்த அடிக்காய் பங்குனியில பிடிச்சது. மேலே இருக்கிறது மழைக்கு அப்புறம் வந்தது."

"நடுவுல?"

நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் தண்டு மொட்டையாக இருந்தது. கணுக்கள் இருந்தன. காய் ஒன்றுகூட இல்லை.

"அது காத்தடிச்ச பன்னிரண்டு நாள்" என்றார் குழந்தைவேலு. "பூத்ததெல்லாம் கொட்டிப்போச்சு. வீணாப் போன இடம்."

உமையாள் அவர் கையிலிருந்த அரிவாளைப் பார்த்தார்.

"அந்த ஒரு சாணை மட்டும் வெட்டி எடுத்துடுங்க ஐயா. மேலே இருக்கிறது நின்னு முத்தட்டும்."

குழந்தைவேலு மொட்டைத் தண்டைப் பிடித்த கையை எடுக்காமல், அதன்மேல் நின்ற பச்சைக்காய்களைப் பார்த்தார்.