கல்லில் இரண்டாவது வரி

"குருவே, தளபதியைக் காணோம்," என்றார் வெய் ஷான்.

மலைச்சரிவில் ஒரு பழைய கல்லறையை வெள்ளம் திறந்துவிட்டிருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது. பயந்துபோன ஊர்க்காரர்கள், அதை முறைப்படி மூடித் தரும்படி மடத்துத் துறவி சிங்யுனை அழைத்து வந்திருந்தார்கள்.

மாலைக்குள் மூட வேண்டும். மூடிய இடத்தில் ஒரு கல் நிற்கும். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் ஊரார் இனி வருஷா வருஷம் சோறு படைப்பார்கள். பெயர் தப்பினால் உள்ளே இருப்பவருக்குப் பட்டினிதான்.

கல் செதுக்கும் பொறுப்பு வெய் ஷானுக்கு. அறுபதை நெருங்கியவர். முப்பது வருஷம் நீதிபதியிடம் எழுத்தராக இருந்துவிட்டு, தன் மகள் வயதுப் பெண்ணான சிங்யுனிடம் சீடராகச் சேர்ந்தவர். பழைய எழுத்தைப் படிப்பதில் அந்த வட்டாரத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவர். நினைப்பு ஒன்றும் தப்பில்லை, உண்மையிலேயே ஆளில்லை.

"காணோம்னா?" என்று கேட்டார் சிங்யுன்.

"வெண்கலக் கோடரி இருக்கு. படைத்தலைமை தரும்போது அரசர் கொடுக்கிறது. அதுல 'தளபதி லான்'னு பேரும் இருக்கு. ஈட்டி இருக்கு, தேர் மணி இருக்கு. ஆனா எலும்புக்கூடு ஒண்ணே ஒண்ணுதான். தலையைச் சுத்திக் கூடை நிறைய கொண்டை ஊசி. அது பொம்பளை."

"கோடரி எங்க இருந்தது?"

"அந்தம்மாவோட வலது கைக்குக் கீழே."

"சரி."

"தளபதியோட எலும்பை யாரோ திருடியிருக்கணும், குருவே."

"வெண்கலத்தை விட்டுட்டு எலும்பைத் திருடுற திருடனா?"

வெய் ஷான் தாடியைச் சொறிந்துகொண்டார்.

"அப்போ இப்படி இருக்கும். மனைவி மேல அவருக்கு அவ்வளவு பாசம். தன் கோடரியையே அவளோட வச்சுப் புதைச்சுட்டார்."

"அடுத்த போருக்கு வெறுங்கையோட போனாரா?"

வெய் ஷான் கல்லைத் திரும்பிப் பார்த்தார். அதில் காலையிலேயே செதுக்கி முடித்தாயிற்று. முதல் வரி: தளபதி லான். இரண்டாவது வரி: என்பவரின் அன்பு மனைவி.

'அன்பு' மிக அழகாக வந்திருந்தது. சீடரான இரண்டு வருஷத்தில் அவர் கைக்கு வந்த முதல் கல் அது. விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"வெளிப்படையாவே கேக்குறேன், குருவே. பத்தாயிரம் வீரர்கள். ஒரு பொம்பளை சொன்னா கேட்பாங்களா?"

சிங்யுன் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கோடரியை மேட்டுல கொண்டு வந்து வைங்க."

கோடரி ஒரு குழந்தையின் கனம் இருக்கும். வெய் ஷான் இரண்டு கையாலும் தூக்கி, வழுக்கும் மண்ணில் ஏறி, மேட்டில் வைத்தார்.

"வேண்டாம். உள்ளயே வைங்க."

இறங்கி வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் கிழக்கே."

நகர்த்தினார்.

"இல்ல, மேட்டுலயே இருக்கட்டும்."

மறுபடி ஏறினார். முழங்கால் இரண்டும் முனகின. வேட்டை நாயைப் போல மூச்சு வாங்கியது.

"அந்தம்மா கைக்குக் கீழயே வச்சிடுங்க. அதுதான் சரியான இடம்."

"சரி, குருவே." இறங்கி வைத்தார்.

சிங்யுன் மேட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க?"

"இதுல கேக்க என்ன இருக்கு? நீங்க சொன்னீங்க, நான்..."

வெய் ஷானின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

முகம் காது வரை சிவந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கொண்டை ஊசிகளின் நடுவே கிடந்த அந்தத் தலையைப் பார்த்தார். இவரைப் போய்க் காலாகாலத்துக்கும் பட்டினி போடப் பார்த்தோமே என்று நெஞ்சு கனத்தது. குழிக்குள்ளேயே மண்டியிட்டு மூன்று முறை வணங்கினார்.

எழுந்தவர் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு கேட்டார்.

"குருவே, கல்லை என்ன பண்ணட்டும்?"

"அதையும் நானே சொல்லணுமா?"

வெய் ஷான் உளியை எடுத்து, இரண்டாவது வரியின் மேல் வைத்தார்.